பஞ்சுப்பொட்டு

ஆனி 27, வெள்ளி. காலை 6.40: சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தொட்டிச் செடிகளுக்கு இடையில், என் தங்கை கோமதி (வயது 61) விழுந்து கிடந்ததை எதிர்வீட்டுப் பெண் கண்டாள். 7.15: மருத்துவமனை. 7.30: உயிர் பிரிந்துவிட்டதாகத் தெரிவிக்கப்பட்டது. காரணம், மாரடைப்பு. 8.20: கண் தானத்துக்கு அவள் முன்பே எழுதிக் கொடுத்திருந்ததால், கோயம்புத்தூரில் இருந்த என்னிடம் தொலைபேசியில் ஒப்புதல் கேட்கப்பட்டது, கொடுத்தேன். 10.45: வலது கண் மட்டும் பெற்றுக்கொள்ளப்பட்டது. மாலை 5.30: நான் வந்து சேர்ந்தேன்.

ஆனி 28, சனி. காலை 10.00: தகனம்.

ஆடி 10, சனி. பதினாறாம் நாள் காரியம் நடந்தது.

ஆடி 11, ஞாயிறு. முற்பகல் 10.30: தங்கையின் பள்ளித் தோழி கதிஜா, கடையநல்லூரிலிருந்து துக்கம் கேட்க வந்தாள். 11.15: புறப்பட்டாள்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தவை இவ்வளவே. இனி எழுதுவது நினைவிலிருந்து எழுதுவது. நினைவின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலோடு போய்விட்டது என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும்.

சுண்ணாம்புக் கல்லின் மேல் தண்ணீர் ஊற்றியதும் உடனே ஒன்றும் நடப்பதில்லை. சில கணங்கள் காதில் விழாததுபோல் இருந்துவிட்டு, பிறகு அது உள்ளிருந்து சீறத் தொடங்கும்; பானையின் வாயில் வெள்ளை ஆவி எழும்; நனைந்த கல்லும் சுட்ட மண்ணும் கலந்த ஒரு வாடை மூக்கின் உட்புறத்தை இலேசாக எரிக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இந்தச் சீற்றம் கேட்கும். அந்த நாட்களை, அது ஏதோ ஒரு பருவத்தின் பெயர் என்பதுபோல, 'வெள்ளையடிப்பு' என்றே சொல்வோம். 'வெள்ளையடிப்புக்கு அப்புறம் பார்க்கலாம்' என்றால் மழைக்கு முன், பண்டிகைக்கு முன் என்று பொருள். எனக்குப் பதினொரு வயதும் கோமதிக்கு எட்டு வயதும் ஆகியிருந்த ஆண்டின் வெள்ளையடிப்பைப் பற்றியது இக்கட்டுரை. ஐம்பத்து மூன்று ஆண்டுகளாக நான் அதை எப்படிச் சொல்லி வந்தேனோ, முதலில் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மாடியில் இரண்டு கள்ளிகள் இருந்தன. ஒன்று அம்மா வைத்தது. வீட்டின் உச்சியில் சதுரக்கள்ளி நின்றால் இடி விழாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஐப்பசி இடியில் தெருவே கதவடைத்துக் கிடக்கும்போது அம்மா மட்டும் முற்றத்தில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். அந்தத் துணிவுக்குக் காரணம் அந்தச் செடிதான். அதை 'இடிக்கள்ளி' என்பாள். மற்றொன்று அப்பா கொண்டுவந்தது. அந்நாளில் ரயில் நிலையத்தின் முகப்பில், வெள்ளையடித்த கற்களால் வட்டம் கட்டி, அதன் நடுவே வெளிநாட்டுக் கள்ளிகள் ஆளுயரத்துக்குத் தூண்தூணாக நிற்கும். அங்கே தோட்டம் பார்த்தவரிடம் கேட்டு, அவற்றில் ஒரு நுனியைத் துண்டில் சுற்றி அப்பா எடுத்துவந்தார். அது 'ரயில்கள்ளி' ஆயிற்று.

முழங்கால் உயரமே இருந்த அந்தப் பருவத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் இருந்தன. அதே பச்சை, நான்கு விளிம்பு, விளிம்பு நெடுக முள். இலை என்று சொல்ல ஒன்றுமில்லை. பெயராலும் பிரிக்க முடியாது. தமிழில் இரண்டுமே கள்ளிதான். ஆனால் ஒன்றைக் கீறினால் பால் பெருகும். அந்தப் பால் கண்ணில் பட்டால் கண் போகும். மற்றதைக் கீறினால் வழுவழுப்பான நீர் கசியும். அதனால் ஒரு தீங்கும் இல்லை. தாவரவியல் கணக்கில் இவை வெவ்வேறு குடும்பங்கள், வெவ்வேறு கண்டங்களில் பிறந்தவை, ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை. வறட்சிதான் இரண்டையும் ஒரே உருவத்துக்குக் கொண்டுவந்தது. நாம் ஒரே பெயரை வைத்தோம்.

அந்த ஆண்டுக் கோடை விடுமுறை முழுவதும் நான் ஊசியும் கையுமாகத் திரிந்து, குத்திக் குத்தி, இந்தப் பால்-நீர் வேறுபாட்டைக் கண்டுபிடித்தேன். அதைவிடப் பெரிதான ஒன்றையும் கண்டுபிடித்தேன். ரயில்கள்ளியின் முள் விளிம்பிலிருந்து நேரே முளைப்பதில்லை. விளிம்பின் மேல் விரற்கடை தூரத்துக்கு ஒன்றாக, கடுகளவில், வெண்பஞ்சு மெத்தை ஒன்று இருக்கும்; முட்கள் அதன் நடுவிலிருந்து கொத்தாக எழும். இடிக்கள்ளியில் அந்தப் பஞ்சு கிடையாது. முள் இரண்டிரண்டாக, ஆட்டுக்குட்டியின் கொம்புபோல், விளிம்பின் மேட்டிலிருந்தே கிளம்பும். ஆகவே குத்திப் பார்க்கவே வேண்டாம், பார்த்தே சொல்லிவிடலாம். அந்தப் பஞ்சு மெத்தைக்கு எங்களுக்குள் வழங்கிய பெயர் 'பஞ்சுப்பொட்டு'. பின்னாளில் தாவரவியல் ஆசிரியனாக முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தபோது, ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பை இந்தக் கதையோடுதான் தொடங்கினேன். பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் மொட்டை மாடியில், எந்த நூலின் துணையும் இன்றி, இரு பெரும் தாவரக் குடும்பங்களைப் பிரிக்கும் அடையாளத்தைக் கண்டுகொண்டான் என்பது மாணவர்களுக்குப் பிடித்திருந்தது. தமிழில் நான் எழுதிய பாடநூலில் அந்த உறுப்புக்கு அதே சொல்லை வைத்தேன். நூலின் இறுதியில் உள்ள கலைச்சொல் பட்டியலில், 'பஞ்சுப்பொட்டு' என்பதற்கு எதிரே 'ஆசிரியர் ஆக்கம்' என்று அச்சாகியிருக்கிறது.

தொட்டிகளின் முகப்பில் கரிக்கட்டையால் ஒன்றில் 'பால்' என்றும் மற்றதில் 'தண்ணி' என்றும் எழுதி வைத்தேன். வெள்ளையடிப்பில் அந்த எழுத்துகள் மறைந்தன. சுண்ணாம்பு காய்ந்தபின், பழைய இடங்களிலேயே மறுபடி எழுதினேன். ஆனால் வெள்ளையடிக்க வந்த மாடசாமி, சுவரோரத்தில் சுண்ணாம்பு பூசும் மட்டையை வீசுவதற்காகத் தொட்டிகளை நகர்த்தியவர், திருப்பி வைக்கும்போது இடம் மாற்றி வைத்துவிட்டார். முழங்கை வரை சுண்ணாம்பு வழிய, ஒரு தொட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டு, முட்கள் முகத்தில் படாமல் தலையை ஒருபக்கமாகச் சாய்த்தபடி அவர் அடியெடுத்து வைக்கும் காட்சி இதை எழுதும் இக்கணத்திலும் என் கண்முன் தெளிவாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டுக் கதிஜா தனக்கும் ஒரு ரயில்கள்ளி வேண்டும் என்று கேட்டாள். தூண்கள்ளியை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பது எளிது: நுனியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, வெட்டுவாயைப் பத்துநாள் நிழலில் உலரவிட்டு, பிறகு மணலில் ஊன்றினால் போதும். கோமதி என் பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு 'தண்ணி' என்று எழுதியிருந்த தொட்டியின் முன் குந்தினாள். பாதி வெட்டியதும், நுனியைப் பிடித்து இழுத்து ஒடித்தாள். பால் இடது கண்ணில் தெறித்தது.

கதிஜாவின் உம்மா கைப்பிடிச் சுவர் தாண்டிக் குடத்தோடு வந்து, தலையைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். அன்று மாலையே அப்பா அவளைத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போனார். பல வாரங்கள் கட்டு இருந்தது. கட்டைப் பிரித்தபோது, எங்கள் பக்கத்தில் சொல்வதுபோல, கண்ணில் 'பூ விழுந்திருந்தது'. கருவிழியின் மேல் வெண்மையாகப் படர்ந்த அந்தப் பூ கடைசிவரை விலகவில்லை.

எப்படி நடந்தது என்று அப்பா கேட்டபோது, "வெள்ளையடிச்சவரு தொட்டிய மாத்தி வச்சிட்டாரு" என்று கோமதிதான் சொன்னாள். அப்பா மாடசாமியை வரவழைத்துத் தெருவில் நிறுத்திப் பேசினார். அவர் மறுத்ததாக எனக்கு நினைவில்லை. சுண்ணாம்பு தின்று வெடித்திருந்த தம் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன்பிறகு எங்கள் தெருவில் எவரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. இடிக்கள்ளியை அப்பா வேரோடு பிடுங்கி எறிந்தார். அம்மா அதற்குப்பின் இடிக்குப் பயந்தவளாகவே வாழ்ந்து முடிந்தாள்.

நான் சொல்லிவந்த கதை இங்கே முடிகிறது.

கோமதி எட்டாம் வகுப்போடு நின்றாள். பெண் பார்க்க இரண்டு முறை வந்தார்கள். இரண்டு முறையும் காப்பி குடித்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொன்னார்கள். மூன்றாம் முறை ராயகிரியிலிருந்து வருவதாகச் செய்தி வந்தபோது, வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். தையல் கற்றாள், வீட்டு முன்னறையில் நாற்பது ஆண்டுகள் தைத்தாள். ஒற்றைக் கண்ணால் எப்படித் தைக்கிறாய் என்று இரக்கப்படுகிறவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான். "ஊசியில நூல் கோக்கும்போது எல்லாரும் ஒரு கண்ண மூடிக்கிடுதாவ. எனக்கு அந்த வேல மிச்சம்லா."

ரயில்கள்ளியை அவள் விடவில்லை. நுனி நுனியாக வெட்டி ஊன்றி, மாடியை ஒரு சிறு காடாக்கினாள். பொங்கலுக்கு நான் வரும்போதெல்லாம், ஒவ்வொரு தூணாகக் காட்டி வகை கேட்பாள். சில உள்ளூர்க் கடைகளில் வாங்கியவை. ஆறு விளிம்பு, எட்டு விளிம்பு, நீலம் பூத்தவை. ரயில்கள்ளியின் அறிவியற்பெயர் சீரியஸ் என்று நான் முதன்முதலாகச் சொன்னபோது, "பேரே சீரியஸாண்ணே? அதான் சிரிக்காம வெறச்சிகிட்டு நிக்கி" என்றாள். வெட்டிய நுனிகளைத் தையல் அறைப் பலகையில் வரிசையாகப் படுக்க வைத்திருப்பாள். உடனே ஊன்றினால் என்ன என்று கேட்பவர்களிடம், காயம் ஆறாமல் மண்ணுக்குள் போனது அழுகித்தான் போகும் என்பாள். நான் வகுப்பில் சொன்னதைவிடச் சுருக்கமாகவும் சரியாகவும் சொன்னாள் என்று அப்போது எண்ணிக்கொண்டேன். அதற்கு மேல் எண்ணவில்லை.

துக்கம் கேட்க வந்த கதிஜா, ஷார்ஜாவில் மகன் வீட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள், அதனால் தாமதம். சிறிது நேரம் கீழே அமர்ந்திருந்தபின், மாடியைப் பார்க்க வேண்டும் என்றாள். அழைத்துப் போனேன். பேச்சற்று நிற்பது கடினமாக இருந்ததால், நான் எப்போதும் சொல்லும் கதையை அவளிடமே சொன்னேன். மாடசாமி தொட்டியை மாற்றி வைத்தது வரை சொல்லி முடித்தபோது, அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அண்ணே, இத ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நான் அங்கனதான இருந்தேன்."

"நானும் அங்கனதான் இருந்தேன்" என்றாள் கதிஜா.

பிறகு அவள் சொன்னதை, என்னால் இயன்றவரை அவள் சொற்களிலேயே தருகிறேன்.

"கோமு கத்தியக் கையில வச்சிகிட்டு வெட்டாம இருந்தா. 'அண்ணே, இதுல பஞ்சுப்பொட்டு இல்லையே, மாத்தி எழுதிட்டியா?'ன்னு கேட்டா. நீங்க அந்தா, அந்தச் சுவத்துல சாஞ்சி என்னமோ வாசிச்சிகிட்டிருந்திய. திரும்பிக்கூடப் பாக்கல. 'எழுதியிருக்குல்லா, வாசிக்கத் தெரியாதா ஒனக்கு? வெட்டுட்டி'ன்னிய. வெட்டிட்டா."

எனக்கு ஞாபகம் இல்லை என்றேன்.

"மறந்துட்டியளா?"

அது குற்றம் சாட்டும் குரல் அன்று. அடையாளம் தெரியாத ஒரு பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பவரின் குரல். நான் எல்லாம் தெரிந்துகொண்டே பேசாமல் இருக்கிறேன் என்றுதான் இத்தனை ஆண்டுகளாக எண்ணியிருந்ததாகவும், அதனாலேயே நான் ஊருக்கு வந்திருக்கும் நாட்களில் இந்த வீட்டுப் பக்கம் வருவதைத் தவிர்த்ததாகவும் சொன்னாள். கண்ணில் கட்டோடு படுத்திருந்த கோமதி அவளிடம், அண்ணனுக்கு அடி விழும், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். என் அம்மாவும் அன்று கதிஜாவின் உம்மாவிடம் போய்க் கேட்டுக்கொண்டாளாம்: "அவன் படிக்கிற பையன். வெளிய விட்டுறாதிய."

பஞ்சுப்பொட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "அந்தப் பேரு அவ வச்சதுல்லா. எங்க வீட்டுக் கன்னுக்குட்டி நெத்தியில இருந்த வெள்ளையப் பாத்து வச்சா. நீங்க ஊசியும் கையுமா திரிஞ்சிய. 'குத்த வேண்டாம்ணே, பாத்தாலே தெரியுது'ன்னு ஒங்களக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனது அவதான்."

கீழே இறங்கியதும், தையல் அறைப் பலகையில் உலர்ந்து தயாராக இருந்த நுனிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி சொன்னேன். "வேண்டாம்ணே" என்றாள். "ஒரு தடவ கேட்டதே போதும். அவ இருந்த மட்டும் சத்தியத்தக் காப்பாத்திட்டேன். நாளைக்கு அல்லாட்ட நானும் பதில் சொல்லணும்லா. கள்ளி வேணும்னு கேட்டவ நான்தான."

அவள் போனபின் மறுபடியும் மாடிக்கு ஏறினேன். ஒருவரின் சொல்லை இன்னொருவரின் சொல்லோடு ஒப்பிடுவதைவிட, பொருளைப் பார்ப்பதே முறை என்று கற்பிக்கப்பட்டவன் நான். மாடிப்படி வாசலின் இருபுறமும் அந்த இரண்டு தொட்டிகளும் இன்றும் இருக்கின்றன. செங்கல்லும் காரையும் வைத்துக் கட்டியவை. தரையோடும் படிக்கட்டுச் சுவரோடும் சேர்த்தே எழுப்பியவை. சுவரின் செங்கல் வரிசை இடைவெளியின்றித் தொட்டிக்குள் ஓடுகிறது. அவற்றை எவரும் தூக்கியிருக்க முடியாது. மாடசாமி இடுப்பில் அணைத்துக்கொண்டு நடந்த தொட்டி என்று ஒன்று உலகத்தில் இருந்ததே இல்லை. ஐம்பத்து மூன்று ஆண்டுகள் அந்த இரண்டுக்கும் நடுவே நடந்து மாடிக்கு வந்திருக்கிறேன்.

பிழை எப்படி நேர்ந்தது என்பதையும் அங்கே நின்றே தெரிந்துகொண்டேன். படியேறி வெளியே வருபவனுக்கு எது வலப்பக்கமோ, வெளியிலிருந்து வாசலைப் பார்த்து நிற்பவனுக்கு அது இடப்பக்கம். வலப்பக்கம் பால் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, முதல்முறை வாசலிலிருந்தும் இரண்டாம்முறை எதிரே நின்றும் எழுதியிருக்கிறேன். செடியைப் பார்க்கவில்லை. எட்டு வயதுக் குழந்தை செடியைப் பார்த்தாள்.

தொட்டிகளைக் கட்டுவித்தவர் அப்பா. கொத்தனாரை வைத்து, பக்கத்தில் நின்று கட்டுவித்தார். கோமதி சொன்னது பொய் என்பதை அதைக் கேட்ட கணத்திலேயே அவர் அறிந்திருக்க வேண்டும். அறிந்துகொண்டே கீழே இறங்கிப் போய், ஒரு குற்றமற்ற மனிதரைத் தெருவில் நிறுத்திப் பேசினார். அம்மா அறிந்திருந்தாள். பக்கத்து வீடு அறிந்திருந்தது. மாடசாமி அறிந்திருந்தார், தூக்கவே முடியாத தொட்டியைத் தூக்கியதாகச் சொல்லப்பட்டதைக் கேட்டுக்கொண்டு நின்றவர் அவர். படிக்கிற பையன் ஒருவனுக்காக இத்தனை பேர் வாயை மூடிக்கொண்டார்கள். பையன் படித்தான்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். பாடநூல் அச்சாகி வந்த ஆண்டு, முதற்படியைக் கோமதிக்குக் கொடுத்தேன். வலக் கண்ணுக்கு அருகே வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டி, கடைசியில் கலைச்சொல் பட்டியலுக்கு வந்தாள். ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு, "இந்தப் பேரு யாருண்ணே வச்சா?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். "நல்ல பேரு" என்றாள். நூலை மூடி, தையல் இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு, எனக்குச் சாப்பாடு எடுத்து வைக்கப் போனாள். இது நடந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தொட்டியோடு நடந்த மாடசாமியைப் பற்றியும் எனக்கு ஐயம் இருந்ததில்லை.

அகல ரயில்பாதை வந்தபோது நிலையத்தின் முகப்பை மாற்றிக் கட்டினார்கள். கல்வட்டமும் அதற்குள் நின்ற கள்ளித் தூண்களும் போயின. இப்போது எவரும் சுண்ணாம்பு நீற்றுவதில்லை. வாளியில் வரும் வண்ணத்தை உருளையால் பூசுகிறார்கள், அதற்கு வாடையும் இல்லை, சீற்றமும் இல்லை. புதிதாகக் கட்டும் வீடுகளின் உச்சியில் இடிதாங்கியாகச் செம்புக் கம்பி நிற்கிறது. இவை போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. என்னிடம் சரியாகக் கேள்வி கேட்ட ஒருத்தி இருந்தாள். இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் நான் சரிபார்க்காமலே விடை சொன்னேன். இனி அவள் கேட்க மாட்டாள்.

பிழையானதை அச்சில் சொன்னவன் திருத்தத்தையும் அச்சில்தான் சொல்ல வேண்டும் என்பதால் இதை எழுதினேன். எழுதியபின்னும் செய்யப்படாமல் இருப்பவை:

பாடநூலின் அடுத்த பதிப்புக்குத் திருத்தம் அனுப்புவது. 'ஆசிரியர் ஆக்கம்' என்பதை நீக்கி, கோமதி, சங்கரன்கோவில் என்று போடுவது. அடைப்புக்குறிக்குள் அவளுடைய அன்றைய வயது.

மாடசாமியின் மகன் இளையரசனேந்தல் பக்கம் இருப்பதாகக் கேள்வி. போவது. போய் என்ன சொல்வது என்பதை அதற்கு முன் முடிவு செய்வது.

முதல் வகுப்பில் அந்தக் கதையைக் கேட்ட மாணவர்களில் முகவரி தெரிந்தவர்களுக்கு எழுதுவது.

நான் உண்மையாகவே மறந்தேனா, மறந்ததாக வைத்துக்கொண்டேனா என்பதை விசாரித்து முடிப்பது.